மேய்ச்சல் தடம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மானைத் தேடுவது.

சிரிக்கிறீர்கள். கடலையும் கருவேலங்காட்டையும் தவிர வேறொன்றும் இல்லாத இராமநாதபுரத்தில் மானைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிக்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் இராமேசுவரத்தின் கதையே ஒரு மானைத் தேடிப் போனதில்தானே தொடங்குகிறது? பொன்மான் ஒன்று பர்ணசாலைக்கு முன்னால் துள்ளாமல் இருந்திருந்தால் இராமன் வில்லை எடுத்திருப்பானா? அவன் வில்லை எடுக்காவிட்டால் சீதையை யார் கொண்டுபோயிருப்பார்கள்? சேது ஏது? சேதுபதி ஏது? தனுஷ்கோடி ஏது? மானைத் தேடிப் போன இராமனுக்கு மான் கிடைத்தது. கிடைத்தது மான் இல்லை, மாரீசன். தேடத் தெரிந்தவனுக்கும் அடையாளம் தப்பலாம் என்பதைச் சொல்ல இதைவிடப் பெரிய கதை நம் கரையில் கிடையாது.

ஆகவே தேடுவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முதலில் அயல்நாட்டு மான். பிறகு நம் கடல்.

வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்று ஒன்று உண்டு. ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்புறம் வெள்ளை வெளேர் என்று தெரியும். அங்கே அதை வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நினைத்தபோது அல்ல. உரிமம் வாங்க வேண்டும், பருவம் திறக்கக் காத்திருக்க வேண்டும், எத்தனை என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும். பல மாநிலங்களில் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வில் அம்புக்காரர்களுக்கு முதலில் பருவம் திறக்கும். துப்பாக்கிக்காரர்களின் முறை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இந்த முதல் சில வாரங்களில் மானை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவமுள்ள வேட்டைக்காரரைக் கேட்டால் அவர் மானைப் பற்றியே பேச மாட்டார். மான் என்ன தின்கிறது என்று பேசுவார். கோடை முடியும் காலத்தில் ஆண்மான்கள் சண்டை சச்சரவு இல்லாமல் சிறு கூட்டமாகத் திரியும். இணைதேடும் காலம் நவம்பர் வாக்கில்தான் வரும். அதுவரை அவற்றுக்கு இரண்டே கவலை: வயிறு, படுக்கை. பகலில் புதரில் படுத்திருக்கும். அந்தி சாய்ந்தால் மேய்ச்சலுக்கு நடக்கும். விடிவதற்குள் திரும்பும். படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவில் ஒரு பாதை. அந்தப் பாதையைக் கண்டுபிடித்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நேற்று வரை சோயா வயலில் தினமும் மாலை தப்பாமல் வந்து நின்ற மான் இன்று வராது. நாளையும் வராது. புதிதாக வந்தவர், மான் ஓடிப்போய்விட்டது, யாரோ கலைத்துவிட்டார்கள் என்று புலம்புவார். பழையவர் காட்டுக்குள் போய் ஓக் மரத்தடியில் குனிந்து பார்ப்பார். கொட்டை உதிர ஆரம்பித்திருக்கும். அதிலும் வெள்ளை ஓக் மரத்தின் கொட்டையில் துவர்ப்பு குறைவு. அது உதிர்ந்தால் மான் வயலை மறந்துவிடும். மான் எங்கும் ஓடவில்லை. இலை போட்ட இடம் மாறியிருக்கிறது, பந்தி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. மானுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. உங்கள் மேல் பட்ட காற்று அதன் மேல் பட்டால், அன்றைய தேடல் அத்தோடு சரி. அதனால் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று முன்கூட்டியே தீர்மானித்து, மரத்தில் பரண் கட்டி, மேலே ஏறி, அசையாமல் காத்திருப்பார்கள். மண்ணில் குளம்புத் தடம், புழுக்கை, மரப்பட்டையில் கொம்பு உரசிய காயம், புல் அமுங்கிக் கிடக்கும் படுக்கை, இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பரணுக்கு இடம் குறிப்பார்கள். மானைப் பார்ப்பதற்கு முன்பே மானைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையா?

பங்காளிகளே, இது வேட்டை தெரிந்த மண். இராமநாதபுரம் மண்டை என்று ஒரு நாயினமே நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று ஊர்கூடி முயல் பிடிக்கக் கிளம்பிய வழக்கம் தென்மாவட்டங்களில் இருந்தது. எந்தக் கண்மாய்க் கரையில், எந்தப் புல் முளைத்தால், முயல் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பிறகு 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சில விலங்குகளுக்கு உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமத்தையும் எடுத்துவிட்டது. இன்று இந்த நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கென்று ஒரு பருவமும் இல்லை. வெளிமானைப் பார்க்க ஆசைப்பட்டால், வடக்கே கோடியக்கரைக்குப் போகலாம்; 1967 முதல் அது சரணாலயம். தெற்கே தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டுக்குப் போகலாம். பார்க்கலாம், அத்தோடு வரலாம்.

சட்டம் வந்தது சரி. அந்தத் தேடும் அறிவு எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல உங்களைக் கரைக்கு அழைத்துப் போகிறேன். ஏனென்றால் நம்மிடம் ஒரு மேய்ச்சல் விலங்கு இருக்கிறது. மானைப் போலவே புல் தின்னும். மானைப் போலவே கூச்சம். ஆனால் கடலுக்குள் மேயும். ஆவுளியா. படித்தவர்கள் கடல் பசு என்போம்.

மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவுளியா மீன் இல்லை. நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போடும், பால் கொடுக்கும். மூன்று மீட்டர் வரை நீளம் வளரும், நானூறு கிலோ வரை எடை கூடும். எழுபது வயது வரைகூட வாழும். நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடல்புல் அதற்கு வேண்டும். இந்தியாவில் மூன்றே இடத்தில்தான் மிச்சம்: குஜராத்தில் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள், நம் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும். நாடு முழுக்க எண்ணினாலும் சில நூறுதான். அந்தமான் நிக்கோபார் அதைத் தன் மாநில விலங்காகவே வைத்திருக்கிறது.

இந்தச் சில நூறை இவ்வளவு பெரிய கடலில் எப்படித் தேடுவது?

இங்கேதான் நம் கடலோடிகளிடம் போக வேண்டும். அமெரிக்க வேட்டைக்காரர் சொன்ன அதே வாக்கியத்தை நம் ஆள் வேறு காற்றில் சொல்வார்: விலங்கைத் தேடாதே, புல்லைத் தேடு.

கடல்புல் பாசி இல்லை. பாசிக்கு வேர் கிடையாது, பாறையைப் பற்றிக்கொள்ளும். புல்லுக்கு வேர் உண்டு, கிழங்குபோல் ஓடும் தண்டு உண்டு, பூப்பூக்கும். வெயில் விழுந்தால்தான் வளரும். வெயில் விழ வேண்டுமானால் கடல் ஆழமில்லாமல் இருக்க வேண்டும், தண்ணீர் கலங்காமல் இருக்க வேண்டும். வடகடலான பாக் விரிகுடாவைப் பாருங்கள்: பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும் கடல். தென்கடலான மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிய ஓரங்களைப் பாருங்கள். இந்தியாவில் கடல்புல் வகைகள் மிக அதிகமாக ஒரே இடத்தில் வளர்வது இந்த இரண்டு கடலிலும்தான். ஆவுளியா இங்கே வந்து தங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஓக் கொட்டை உதிர்ந்த இடத்தில் மான் நிற்பதுபோல்தான்.

புல்லிலும் எல்லாப் புல்லும் அதற்குப் பிடிக்காது. நாரில்லாத, இளசான, சின்ன இலைப் புல்லென்றால் விரும்பும். வேரோடு பிடுங்கித் தின்னும். தின்றுகொண்டே முன்னே நகரும். அது நகர்ந்த வழியில், பச்சைப் புல்லுக்கு நடுவே, ஏர் ஓட்டிய சால்போல் வெறும் மண் கோடு ஒன்று தெரியும். இதுதான் மேய்ச்சல் தடம். மான் குளம்பு மண்ணில் எழுதுவதைக் கடல் பசு புல்லில் எழுதுகிறது. அந்தச் சாலில் பிறகு முளைப்பது இளம்புல். அதற்கும் அது திரும்ப வரும். அதாவது மேய்ந்த இடத்தில்தான் மறுபடி மேயும். தடத்தைக் கண்டவருக்கு, அது போன வழி மட்டுமல்ல, வரப்போகிற வழியும் தெரியும்.

மேலே இருந்து என்ன தெரியும்? தெளிந்த தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் சேறு கிளம்பிக் கலங்கியிருந்தால் ஒரு சந்தேகம். பிடுங்கிய புல்லின் இலைகள் மிதந்து வந்தால் சந்தேகம் வலுக்கும். சாணம் மிதந்தால் அருகில்தான் இருக்கிறது. பிறகு மூச்சு. சில நிமிடத்துக்கு ஒருமுறை அது மேலே வந்தே ஆக வேண்டும். மூக்குத்துளை மூஞ்சியின் உச்சியில் இருப்பதால் உடம்பைக் காட்டாமல் மூக்கை மட்டும் நீட்டி, இழுத்து, மூடிக்கொண்டு இறங்கிவிடும். ஓங்கல் என்னும் டால்பின் துள்ளுவதுபோல் துள்ளாது. பக்கத்து வள்ளத்தில் இருப்பவன்கூடப் பார்க்கத் தவறிவிடுவான். மானுக்கு மூக்கு என்றால் இதற்குக் காது. எஞ்சின் சத்தம் கேட்டால் விலகும். துடுப்புப் போட்டும் பாய் விரித்தும் போன காலத்தில் நம் ஆட்கள் அதை அதிகம் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

காற்று? காற்றில்லாமல் கடலில் எந்தத் தேடலும் இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை இறங்கினால் நிலைமை தலைகீழ். எந்தக் கடல் தெளிந்திருக்கிறது, எந்தக் கடலில் அடிமண் தெரிகிறது என்று பாம்பன் பாலத்தின் மேல் நின்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார் நம் ஊர்ப் பெரியவர்.

இந்த அறிவு நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவில் டோரஸ் நீரிணை இருக்கிறது. அங்கே உள்ள தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் பசுவைப் பிடித்து உண்டவர்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் புல்வெளியைப் பார்வையிடுவார்கள். நேற்று இரவு மேய்ந்த தடம் எங்கே என்று குறிப்பார்கள். அந்த இடத்திலேயே, கடலுக்கு நடுவில், கம்புகளை நட்டுப் பரண் கட்டுவார்கள். நிலா வெளிச்சத்தில் ஈட்டியோடு ஒருவர் அதன் மேல் ஏறி நிற்பார். மேய்ந்த இடத்துக்கு அது திரும்ப வரும் என்று அவருக்குத் தெரியும். ஆல்ஃபிரட் ஹேடன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே போய் இதையெல்லாம் பதிவுசெய்தார். அமெரிக்கக் காட்டில் மரத்தின் மேல் ஒரு பரண், பசிபிக் கரையில் கடலின் மேல் ஒரு பரண். ஒருவரை ஒருவர் கண்டதில்லை; ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

இப்போது உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். கேட்கக் கூச்சப்படலாம், நானே கேட்டுவிடுகிறேன். அமெரிக்காக்காரனுக்குப் பருவம் வைத்து மான் அடிக்க விடுகிறார்கள். டோரஸ் தீவுக்காரர்கள் இன்றும் தங்கள் சமூகத் தேவைக்கு ஒழுங்குமுறையோடு கடல் பசு பிடிக்கிறார்கள். நம் முப்பாட்டன் தின்ற கறியை நாம் தின்றால் மட்டும் ஏன் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை? ஏழை மீனவன் என்பதால்தானே?

நியாயமான கேள்வி. ஆத்திரப்படாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெள்ளைவால் மான் ஒன்றரை வயதுக்குள் தாயாகத் தயாராகிவிடும். ஆண்டுதோறும் ஈனும், பெரும்பாலும் இரட்டை. 1900 வாக்கில் அங்கும் அதை அடித்துத் தீர்த்துச் சில இலட்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பிறகு சந்தையில் மான்கறி விற்பதை நிறுத்தினார்கள், பருவத்தைக் கட்டினார்கள். 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியை வனவிலங்குக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். இன்று ஏறத்தாழ மூன்று கோடி. ஊருக்குள் புகுந்து தோட்டத்தை மேய்கிறது என்று திட்டுகிறார்கள்.

ஆவுளியாவுக்கு வாருங்கள். சில பெண் விலங்குகள் பத்து வயதுக்கு மேல்தான் முதல் குட்டியைப் போடும். சினைக்காலம் பதின்மூன்று, பதினான்கு மாதம். ஒரே குட்டி. அது ஒன்றரை ஆண்டு பால் குடிக்கும். அடுத்த குட்டி மூன்று ஆண்டு கழித்தும் வரலாம், ஏழு ஆண்டு கழித்தும் வரலாம். புல் செழித்து, வலையில் சிக்காமல், நோயில்லாமல், எல்லாம் கூடிவந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது. நூறு இருந்தால் அடுத்த ஆண்டு நூற்றைந்து. அந்த ஆண்டில் ஆறு செத்தால்? கணக்கு முடிந்தது. ஆறு என்பது பெரிய எண்ணா? அறுநூறு படகு போகும் கடலில், ஆறு வலையில் ஆறு விபத்து, யாரும் வேண்டுமென்று செய்யாமலே நடந்துவிடும்.

டோரஸ் நீரிணையில் இன்னும் பல ஆயிரம் இருக்கின்றன. நம்மிடம் இல்லை. இதுதான் வேறுபாடு. சிறைத் தண்டனை மீனவன் என்பதற்காக எழுதியதல்ல; அந்தக் கூட்டல் கழித்தலுக்காக எழுதியது. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தக் கணக்கை மீனவனிடம் பொறுமையாகச் சொல்லாமல், சட்டப் பிரிவை மட்டும் சொல்லி மிரட்டிய காலம் ஒன்று இருந்தது. அதனால் என்ன ஆனது? வலையில் ஆவுளியா சிக்கினால், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், யாருக்கும் தெரியாமல் வெட்டி முடித்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள்.

தேடத் தெரிந்தவன் கணக்குப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உலகத்தில் சாட்சி இருக்கிறது. 1741இல் பெரிங் தீவில் ஒரு கப்பல் கரைதட்டியது. அதில் இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர், குளிர்கடலில் எட்டு மீட்டர் நீளக் கடல் பசு ஒன்று கூட்டமாக மேய்வதைக் கண்டு எழுதி வைத்தார். நம் ஆவுளியாவின் நெருங்கிய உறவு. தேடவே வேண்டாம், கரையோரமே நிற்கும், ஓடாது. பின்னால் வந்த வேட்டைக் கப்பல்கள் எல்லாம் வழியில் கறிக்கு அங்கே நின்றன. 1768க்குப் பிறகு அந்த விலங்கை யாரும் பார்க்கவில்லை. இருபத்தேழே ஆண்டு!

நம் கரை அந்த அளவுக்குப் போகவில்லை. நாம் சும்மாவும் இருந்துவிடவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949இலிருந்து 1971 வரை நம் மண்டபத்தில்தான் இருந்தது; பிறகுதான் கொச்சிக்குப் போனது. 1960களில் அங்கே ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆவுளியாக்களைத் தொட்டியில் வைத்து, கடல்புல் கொண்டுவந்து போட்டு, ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள். அது எப்படித் தின்னும், எப்படி மூச்சு விடும் என்று உலகத்துக்குத் தெரிந்ததில் மண்டபத்தின் பங்கு உண்டு. அந்தத் தொட்டிக்கு நாள்தோறும் எந்தப் புல்லை எங்கே போய் அறுத்து வருவது என்று தெரிந்தவர்கள் யார்? புத்தகம் எழுதியவர்கள் அல்லர். பெயர் அச்சில் வராத நம் ஊர்க் கடலோடிகள்.

1986இல் தென்கடலில் இருபத்தொரு தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. வடகடலுக்கு வெகுகாலம் ஒன்றும் இல்லை. 2022 செப்டம்பரில்தான் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தது; நாட்டிலேயே முதலாவது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் அதில் வருகிறது. நம் மாவட்டத்து வடகடல் அதில் வரவில்லை. ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் இதை மேடையில் ஒருமுறை சொல்லி வைப்பது என் கடமை.

டேராடூனிலிருந்து இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் கடந்த பத்தாண்டாக இந்தக் கரையில் ஆவுளியாவைத் தேடுகிறார்கள். ட்ரோன் பறக்கவிடுகிறார்கள், மூழ்கிப் புல்லை அளக்கிறார்கள். நல்லது. ஆனால் முதல் வேலையாக அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர் ஊராகப் போய் மீனவர்களைக் கேட்டார்கள். எங்கே பார்த்தீர்கள், எந்த மாதம், எத்தனை, குட்டி இருந்ததா? தகவல் தரும் தன்னார்வலர்களாக மீனவர்களையே சேர்த்துக்கொண்டார்கள். வலையில் சிக்கியதை உயிரோடு விட்டவர்களுக்கு மாலையும் ஊக்கத்தொகையும் கிடைத்தன. வலையை அறுத்து விட்டவருக்கு அந்த வலையின் விலை தெரியும். தெரிந்தே அறுக்கிறார். அவரைவிடப் பெரிய காட்டுயிர் அதிகாரி யார்?

இந்த இடத்தில் நம் பெண்களைச் சொல்லாமல் போனால் பேச்சு முழுமையாகாது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் கட்டிய அலுமினியத் தட்டு, சாதனம் அவ்வளவுதான். ஆண்கள் கடலை மேலிருந்து பார்க்கிறார்கள். இவர்கள் அடியிலிருந்து பார்க்கிறார்கள். எந்தப் பாறையில் பாசி மறுபடி தழைத்திருக்கிறது, எந்தப் புல்வெளி சேறு மூடிச் செத்திருக்கிறது என்று இவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. அவர்களில் ஒருவரான இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் ஸீகாலஜி விருது கிடைத்தது. இன்ன நாளில் எடுப்போம், இன்ன மாதத்தில் எடுக்க மாட்டோம் என்று தமக்குத் தாமே பருவம் கட்டிக்கொண்ட பெண்கள் இவர்கள். பருவம் கட்ட அமெரிக்காவிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை.

பருவம் நமக்குப் புதிதும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் உங்களுக்குத் தெரியும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. எழுதியதெல்லாம் நடந்தால் புல்வெளி பிழைக்கும். நடக்கிறதா? இழுவைமடி ஒருமுறை அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு போனால் புல் வேரோடு போகிறது; கிளம்பிய சேறு படிந்து, மிச்சப் புல்லுக்கு வெயில் விழாமல் போகிறது. ஆவுளியாவை யாரும் ஈட்டியால் குத்த வேண்டாம். பந்தியை எடுத்துவிட்டால் போதும். அதோடு சேர்ந்து பேராமைக்கும் பந்தி இல்லை. புல்லுக்குள் பொரித்து வளரும் இறாலுக்கும் நண்டுக்கும் மறைவு இல்லை. இறாலும் நண்டும் போனால் யார் அடுப்பு அணையும் என்று மீனவக் குடும்பங்கள் நிறைந்த இந்த அரங்கில் நான் விளக்க வேண்டுமா? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை ஆவுளியாவைக் காக்கிறது. ஆவுளியா கேட்பதோ புல்லைக் காப்பதை. இழுவைமடிக்காரர்களுக்கு மாற்றுத் தொழில் தராமல் இதைப் பேசுவதில் பயனில்லை என்பதையும் அரசுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. நான் இவ்வளவு நேரம் எப்படித் தேடுவது என்று சொன்னேன். எங்கே என்று ஓரிடத்தைக்கூடச் சொல்லவில்லை. கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. தேடும் அறிவு விளக்கு ஏற்றவும் உதவும், கத்தி தீட்டவும் உதவும். ஆவுளியாவைப் பார்த்தால் செல்போனில் படம் எடுத்து, இன்ன ஊர்க் கடலில் இன்ன நேரத்தில் என்று வாட்ஸ்அப்பில் போடுவதை, இளைஞர்களே, தயவுசெய்து விட்டுவிடுங்கள். தகவலைச் சொல்ல வேண்டிய இடம் வனத்துறை. ஊருக்கெல்லாம் சொன்னால் ஊரில் உள்ள கள்ளனுக்கும் சொன்னதாகும்.

வலையில் சிக்கிவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலும் திருக்கைவலை போன்ற பெரிய கண் வலையில்தான் சிக்கும். மூச்சுக்கு மேலே வர முடியாவிட்டால் சில நிமிடத்தில் செத்துவிடும். ஆகவே வலையை அறுப்பதற்கு முன்பே அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவாருங்கள். மூச்சு வாங்கிய பிறகு அறுத்துக்கொள்ளலாம். படகில் ஏற்றாதீர்கள், தண்ணீரிலேயே வைத்து விடுங்கள். குட்டி பக்கத்தில் இருக்கும், அதைத் தனியாகத் துரத்திவிடாதீர்கள். பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிழிந்த வலைக்கு இழப்பீடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக, வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும், பாய் வள்ளத்தில் போன தலைமுறை இன்னும் கொஞ்சம் பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவோ, தாத்தாவோ, வாப்பாவோ, அப்பச்சியோ, யாராக இருந்தாலும் சரி. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் புல், எந்தக் காற்று, எந்த நீரோட்டம், எந்த மாதம், முன்பு எத்தனை பார்த்தீர்கள், இப்போது எத்தனை என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஆவுளியாவைப் பிடித்ததாகச் சொன்னால் பெயரை எழுதாதீர்கள், பிடித்த விதத்தை எழுதுங்கள். எழுதியதை உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த வாடைக்குள் எழுதி முடியுங்கள்.